சுவரில் ஒரு பூச்சி ஓட்டை

நான் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்த மேஜையில் இப்போது ஷீஜா உட்கார்ந்திருக்கிறாள். வைட்டிலா பக்கம் வீடு. தினமும் பஸ் பிடித்து மட்டாஞ்சேரிக்கு வருகிறாள். போன வாரம் அவளிடமிருந்து போன் வந்தது. “அக்கா, முட்டுக்கால் படம் வரச்சிட்டிருக்கேன். சுவத்துல அந்த ஓட்டைய வெக்கணுமா, விடணுமா? கம்ப்யூட்டர்லேருந்து புதுசா ஒரு படம் எடுத்துத் தந்திருக்காங்க, நல்ல தெளிவா இருக்கு. அதுல ஓட்டையே இல்லையே” என்று கேட்டாள்.

எனக்குப் போனில் பேச வராது. எதிரில் ஆள் இருந்தாலே வராது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பதில் என்னவோ ஒரே சொல்தான். ஆனால் அதை மட்டும் சொன்னால் கிழவிக்குப் பிடிவாதம் என்று நினைத்துக்கொள்வாள். அந்த ஓட்டையால் ஒரு நல்ல மனிதர் ஜெயிலுக்குப் போக இருந்தார். அதே ஓட்டையால்தான் வீட்டுக்கும் வந்தார். அது ஷீஜாவுக்குத் தெரியாது. கடையில் அப்போது இருந்தவர்களில் இப்போது யாரும் இல்லை. அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்ல வேண்டும். பழைய இங்கிலீஷ் துப்பறியும் கதைப் புத்தகங்களில் நடுநடுவே படம் போட்டிருப்பார்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. மூடுபனியில் குதிரை வண்டி நிற்கும். ஒருவர் செத்துக் கிடப்பார், இன்னொருவர் குனிந்து தரையைப் பார்ப்பார். வாசலில் ஒரு பெண் முகத்தில் வலை போட்டுக்கொண்டு நிற்பாள். அந்தப் படங்களைக் கையால், தூரிகையால், பெரிதாக வரைந்து சட்டம் போட்டு விற்பது தேவசி சாரின் கடை. யூதர்கள் இருந்த தெருவான ஜூ டவுனில் பழைய சாமான் கடைகளுக்கு நடுவே இருந்தது. கீழே கடை, மாடியில் எட்டுப் பெண்கள். சுற்றிப் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் வாங்குவார்கள், ஹோட்டல்காரர்கள் அறைகளில் மாட்ட வாங்குவார்கள். நகல் என்று சொல்லித்தான் விற்போம். ஒவ்வொரு படத்தின் முதுகிலும் ஊதா மையில் கடை முத்திரை குத்தி, அதன் மேல் தேவசி சார் கையெழுத்துப் போடுவார். அதில் அவர் ரொம்பக் கறார்.

அங்கே வருமுன் நான் மிளகுக் கிடங்கில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அரிசி மூட்டை தூக்க வந்தவர். அம்மாவுக்கு மேலுக்கு முடியாமல் போனதும் என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஒரு நாள் தேவசி சார் கிடங்குக்கு வந்தார். கல் பொறுக்குகிற பெண்களுக்குக் கண் கூர்மையாக இருக்கும், பொறுமையும் இருக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு காகிதமும் பேனாவும் கொடுத்து, கட்டைவிரல் அகலத்துக்குள் ஒன்றை ஒன்று தொடாமல் முடிந்தவரை கோடு போடுங்கள் என்றார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே போட்டார்கள். எனக்குச் சிரிக்கவும் கூச்சம். குனிந்த தலை நிமிராமல் போட்டேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எண்ணிப் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமை மாடியில் இருந்தேன்.

வேலை பழகியதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வருஷம் கோடு, இரண்டாம் வருஷம் திரைச்சீலை மடிப்பு, மூன்றாம் வருஷம் முகம். அவ்வளவுதான். செய்கிற முறையை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

புத்தகத்தில் இருக்கிற படம் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதை ஸ்டுடியோவில் போட்டோ எடுத்து, பெரிதாக்கி, மேஜைக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவார்கள். புத்தகம் பீரோவுக்குப் போய்விடும். அப்புறம் எங்களுக்கு வேதம் அந்தப் போட்டோதான். அதன் மேல் மெல்லிய காகிதம் வைத்துக் கோடு எடுப்போம். அந்தக் கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்திக்கொண்டே போவோம். குத்திய காகிதத்தை வரைகிற தாளின் மேல் வைத்து, துணி முடிச்சில் கரித்தூள் கட்டி மெல்லத் தட்டினால் புள்ளி புள்ளியாகப் படம் இறங்கியிருக்கும். வரைகிற தாள் கடையில் வாங்குவது இல்லை. பழைய கிடங்குகளின் பேரேடுகளில் கடைசியில் எழுதாமல் விட்ட பக்கங்கள். அந்தக் காலத்துக் கெட்டித் தாள், தானாகவே பழுப்பேறியது. மை அதில் ஊறாமல் அழகாக நிற்கும். இந்தத் தாள்தான் பின்னால் எங்களுக்கு வினையாகவும் வந்தது.

மையை மூன்று கிண்ணத்தில் கரைத்து வைப்போம். தேங்காய்ப்பால் மாதிரியே ஒன்றாம் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பேர். சமையலில் செய்வது போலவேதான் இங்கும். நீர்த்த மூன்றாம் பால் முதலில், கெட்டியான ஒன்றாம் பால் கடைசியில். முதலிலேயே கறுப்பை வைத்துவிட்டால் திரும்ப வழி இல்லை. மழைக் காலத்தில் தாள் ஈரம் குடித்து உப்பிவிடும். அப்போது குண்டு பல்பு எரிகிற பெட்டியில் ஒரு மணி நேரம் காயவைத்துத்தான் எடுப்போம்.

படத்துக்குக் கீழே இங்கிலீஷில் ஒரு வரி இருக்கும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. போட்டோவைத் தலைகீழாகத் திருப்பிவைத்து, எழுத்தையும் கொடி, கொக்கி, வளையம் என்று வரைவேன். பக்கத்து மேஜை ரஹீமா பாலக்காட்டுக்காரி, எட்டு வரை படித்தவள். வாசித்து வாசித்து எழுதுவாள், எங்காவது ஒரு எழுத்தை முழுங்கிவிடுவாள். “படிச்சவளுக்குத் தப்பு வருது, படிக்காதவளுக்கு வரல. இதென்ன நியாயம் இசக்கிக்கா” என்பாள். கதையும் எங்களுக்குத் தெரியாது. படங்களுக்கு நாங்களே பேர் வைத்திருந்தோம். துப்பறிகிறவர் எங்களுக்கு ‘சார்’. செத்துக் கிடக்கிறவர் ‘பாவம்’. “இன்னிக்குப் பாவத்தோட கால் ரெண்டும் முடிச்சாச்சு” என்று ரஹீமா சொன்னால் புதிதாக வந்தவர்கள் மிரண்டுபோய்ப் பார்ப்பார்கள்.

இப்போது தேவசி சாரைப் பற்றி. அவர் திட்டியே நான் கேட்டதில்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு மாடி ஏறி வருவார். சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பா, அதில் கிராம்பு. ஒவ்வொரு மேஜையிலும் நின்று படத்தையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்ப்பார். எங்காவது தப்பு இருந்தால் அந்த இடத்தில் ஒரு கிராம்பை வைத்துவிட்டுப் போய்விடுவார். என்ன தப்பு என்று சொல்லமாட்டார். கிராம்பு இருக்கிற இடத்தை நாமே பார்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துத் திருத்தினால் மறுநாள் கிராம்பு இருக்காது. எனக்கு அது பெரிய சௌகரியம். பதில் சொல்ல வேண்டாம் இல்லையா. அந்தக் கிராம்புகளை நான் தூர எறியமாட்டேன். பர்ஸில் போட்டு வைத்து வீட்டில் சாயாவில் தட்டிப் போடுவேன். ஆரம்ப வருஷங்களில் எங்கள் வீட்டுச் சாயா தொண்டையை எரிக்கும். போகப் போக வெறும் சாயா ஆகிவிட்டது.

என் கூச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோப்பும்படி பஸ்ஸில் என் ஸ்டாப் வரும்போது “ஆளிறங்கானுண்டு” என்று சத்தம் கொடுக்க வேண்டும். எனக்கு அது வாயில் வராது. வேறு யாராவது இறங்கினால் கூடவே இறங்குவேன். யாரும் இறங்காவிட்டால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்ப நடப்பேன். இப்படி எத்தனை வருஷம்.

எங்கள் படங்களிலேயே அதிகம் கேட்டு வாங்கியது முட்டுக்கால் படம். துப்பறிகிற சார் கம்பளத்தின் மேல் ஒரு முட்டியை ஊன்றிக் குனிந்திருப்பார். மேஜைக்கு அடியிலிருந்து பாவத்தின் கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் சுவர், சுவரில் விளக்கு. அந்த விளக்குக்கு ஒரு சாண் தள்ளி அவரை விதை மாதிரி ஒரு கறுப்பு ஓட்டை. குண்டு துளைத்த ஓட்டை என்று பார்த்தவுடனே தெரியும். முதல் குண்டு தப்பிப்போய்ச் சுவரில் பட்டது, இரண்டாவதுதான் பாவத்தின் மேல் பட்டது என்று நாங்கள் எட்டுப் பேரும் கதை கட்டி வைத்திருந்தோம். தேவசி சாரும் கடைக்கு வருகிறவர்களுக்கு அந்த ஓட்டையைக் காட்டுவார். “பாருங்க, சாதாரண கண்ணுக்குத் தெரியாது. வரச்சவன் ஒரு துப்பு ஒளிச்சு வெச்சிருக்கான்” என்பார். அந்த ஓட்டை போடுவது எப்போதும் என் கை. ஒன்றாம் பாலை இரண்டு தரம் வைத்து, ஓரத்தில் மயிரிழை அளவு வெள்ளை விட்டால் சுவர் பெயர்ந்த மாதிரியே இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. எத்தனை போட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

ஒரு டிசம்பர் மாதம், நல்ல கூட்டம். வயதான வெளிநாட்டுக்காரி ஒருத்தி கையில் அதே புத்தகத்தோடு வந்தாள். எங்களுடையதைவிட நல்ல பிரதி. கவுண்டரில் திறந்து வைத்து, சுவரில் மாட்டியிருக்கிற படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சட்டம் எடுக்கக் கீழே வந்தவள், போகிற போக்கில் பார்த்தேன். முட்டுக்கால் படம்தான். விளக்கு இருந்தது. விளக்குக்குப் பக்கத்தில் சுவர் வெறுமனே இருந்தது.

அவள் அதைக் கவனிக்கவில்லை, வேறு படம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த வாரமே பீரோ துடைக்கிற முறை எனக்கு வந்தது. எங்கள் புத்தகத்தைத் துணியிலிருந்து பிரித்து அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். ஓட்டை இருந்தது, ஆனால் அச்சில் இல்லை. காகிதத்திலேயே இருந்தது. விரலை அடியில் வைத்தால் விரலின் நிறம் தெரிந்தது. அடுத்த பக்கத்திலும் அதே இடத்தில் அதே அவரை விதை வடிவம். அதற்கடுத்த பக்கத்தில் கொஞ்சம் சின்னது. நாலாவது பக்கத்தில் ஊசி முனை அளவு. புத்தகம் தின்கிற பூச்சி மேலேயிருந்து தின்றுகொண்டே இறங்கி, அங்கே வயிறு நிறைந்து போயிருக்கிறது. போட்டோவில் அது கறுப்பாக விழுந்துவிட்டது. நாங்கள் அதற்குத் துப்பாக்கி கொடுத்துவிட்டோம்.

சொல்லியிருக்க வேண்டும். யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது? வருகிறவர்களிடமெல்லாம் அவர் விரல் நீட்டிக் காட்டிய ஓட்டை. அதைப் பூச்சி என்று சொன்னால் அவர் முகம் என்ன ஆகும்? ஒரு வழி செய்தேன். அடுத்த முட்டுக்கால் படத்தில் ஓட்டை போடாமல் விட்டேன். அவர் பார்த்தும் கிராம்பு வைக்காமல் போனால் அப்படியே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். நான்கு மணிக்கு வந்தார். படத்தையும் போட்டோவையும் பார்த்தார். விளக்குக்கு ஒரு சாண் தள்ளி வெறும் சுவரில் ஒரு கிராம்பை வைத்துவிட்டுப் போனார்.

நான் தூரிகையை எடுத்து ஓட்டையைப் போட்டேன். அன்றைக்கு மூடிய வாய், மூன்று வருஷம் திறக்கவில்லை. ஒவ்வொரு முட்டுக்கால் படத்திலும் தெரிந்தே தப்பு செய்தேன். ரஹீமாவிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த மூன்றாம் வருஷ முடிவில்தான் போலீஸ் வந்தது. ஒரு எஸ்.ஐ., இரண்டு போலீஸ்காரர்கள், கூடவே பம்பாயிலிருந்து வந்த ஒருவர். பழைய படங்களைப் பார்த்து அசலா நகலா என்று சொல்கிறவராம். விஷயம் இதுதான். அந்த முட்டுக்கால் படத்தை முதன்முதலில் வரைந்த ஓவியர் கையாலேயே வரைந்த அசல், வெளிநாட்டில் ஒரு வீட்டிலிருந்து எப்போதோ களவு போயிருக்கிறது. அதற்குப் போட்டோகூட இல்லை. இப்போது பம்பாயில் ஒரு பணக்காரர் வீட்டில் அது அகப்பட்டிருக்கிறது. அவருக்கு விற்ற வியாபாரி ஆளைக் காணோம். ஆனால் வியாபாரி அதை எங்கள் கடையில் வாங்கியதற்குப் பில் இருக்கிறது. ஆக, களவுப் பொருளை விற்றவர் தேவசி சார்.

தேவசி சார் சிரித்துவிட்டார். அது எங்கள் மாடியில் வரைந்தது, முதுகில் முத்திரை இருக்கும் பாருங்கள் என்றார். அவர்கள் கொண்டுவந்திருந்த படத்தின் முதுகில் கெட்டி அட்டை ஒட்டியிருந்தது. பிரித்துப் பாருங்கள் என்றார். பம்பாய்க்காரர் முடியாது என்றார். அசலாக இருந்து கிழிந்துவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். தாள் நூறு வருஷப் பழசு என்றார். பேரேட்டுத் தாள், பழசாகத்தானே இருக்கும்! என் பெண்கள் இதே போல இன்னொன்று இப்போதே வரைந்து காட்டுவார்கள் என்று தேவசி சார் சொன்னபோது எஸ்.ஐ. ஒன்று சொன்னார். அது எனக்கு இன்னும் மறக்கவில்லை. “அப்படின்னா அசல் இத்தனை நாள் உங்க கையிலதான் இருந்துச்சுன்னு ஆகுது. அதப் பார்த்துத்தானே இவங்க பழகியிருக்காங்க?”

நன்றாக வரைந்ததே குற்றமாகிவிட்டது. தேவசி சார் சட்டையை மாற்றிக்கொண்டு அவர்களோடு போனார். போகும்போது டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கடையைப் பூட்டிச் சாவியை அவர் தங்கை லில்லிச் சேச்சியிடம் கொடுத்தோம். சேச்சி அழவில்லை. “அண்ணன் ஒரு படத்த அசல்னு சொல்லி வித்திருந்தா இன்னிக்கு இந்த வீடு ரெண்டு மாடியா இருந்திருக்கும்” என்று மட்டும் சொன்னார். மற்றப் பெண்கள் வேறு வேலை எங்கே கிடைக்கும் என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள்.

நான் படகுத் துறைப் பக்கம் வந்து நின்றேன். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. மனசுக்குள் மிளகில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக ஒதுக்கிப் பார்த்தேன். அசலை ஓவியர் வரைந்தார். அதைப் பார்த்துப் புத்தகம் அச்சடித்தார்கள். அந்தப் புத்தகம் எப்படியோ எங்கள் பீரோவுக்கு வந்தது. அதற்கப்புறமோ, வருகிற வழியிலோ பூச்சி தின்றது. பூச்சி தின்றது எங்கள் ஒரு புத்தகத்தைத்தான். அப்படியானால் பூச்சி ஓட்டை வரைந்திருக்கிற படம் எங்கள் போட்டோவைப் பார்த்து வரைந்ததாகத்தான் இருக்க முடியும். அந்த ஓட்டையைப் போடுவது என் கை ஒன்றுதான்.

ரஹீமாவின் வீட்டுக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாதியிலேயே செருப்பை மாட்டிக்கொண்டாள். “மூணு வருஷமா இத வயித்துல வெச்சுக்கிட்டா சோறு தின்ன? வா” என்றாள். லில்லிச் சேச்சியிடம் சாவி வாங்கி, புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு மத்தியானத்துக்கு மேல் ஸ்டேஷனுக்குப் போனோம்.

தேவசி சார் உள்ளே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மரியாதையாகத்தான் வைத்திருந்தார்கள், பக்கத்தில் சாயா கிளாஸ் இருந்தது. குடிக்கவில்லை. எஸ்.ஐ. மேஜையில் படம் கண்ணாடித்தாள் உறைக்குள் இருந்தது. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பம்பாய்க்காரர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எஸ்.ஐ. பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். அது ஒரு நிம்மதி. ரஹீமா எங்கள் முதலாளி அப்படிப்பட்டவர் இல்லை என்று ஆரம்பித்து அவர் குடும்பத்து மூன்று தலைமுறையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எஸ்.ஐ. கையைக் காட்டி நிறுத்தினார். “அதெல்லாம் கோர்ட்டுல சொல்லுங்கம்மா. புதுசா ஏதாவது இருக்கா?”

ரஹீமா என் விலாவில் இடித்தாள். சொல்ல வந்தது ஒன்றும் வரவில்லை. பர்ஸைத் திறந்தேன். மூலையில் பழைய கிராம்பு ஒன்று கிடந்தது. அதை எடுத்து, உறைக்கு மேலாகவே, அந்தப் படத்தின் சுவர் ஓட்டையின் மேல் வைத்தேன்.

பம்பாய்க்காரர் பதறி எழுந்தார். அவருக்குப் பின்னால் பெஞ்சிலிருந்து தேவசி சாரும் எழுந்தார். எஸ்.ஐ. என்னையும் கிராம்பையும் பார்த்தார். “என்னம்மா இது?”

“தப்பு, சார்” என்றேன். “இந்த இடத்துல தப்பு.”

“என்ன தப்பு?”

“இது குண்டு பட்ட ஓட்டை இல்ல. பூச்சி தின்ன ஓட்டை. எங்க புத்தகத்துல தின்னது. அது தெரியாம நான் வரைஞ்சுட்டேன்.”

அதற்கப்புறம் எனக்கே ஆச்சரியம், வாய் நிற்கவில்லை. துண்டைப் பிரித்துப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அடியில் விரலை வைத்துக் காட்டினேன். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், ஊசி முனை வரைக்கும் திருப்பினேன். அசல் வரைந்தபோது இந்தப் பூச்சியே பிறந்திருக்காது என்றேன். ரஹீமாவே வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

எஸ்.ஐ. அதை இங்கிலீஷில் பம்பாய்க்காரருக்குச் சொன்னார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எஸ்.ஐ.க்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அச்சான எந்தப் புத்தகத்திலும் அந்த ஓட்டை இல்லை, இந்தப் படத்தில் மட்டும் இருக்கிறது, ஆகவே ஓவியர் வரைந்து அச்சுக்காரர்கள் விட்டுவிட்டார்கள், ஆகவே இதுதான் அசல் என்று அவர் தன் அறிக்கையில் எழுதியிருந்தாராம். அவருடைய பெரிய சாட்சியே அந்த ஓட்டைதானாம். என் தப்புதான் அந்த மனிதரைப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறது.

பம்பாய்க்காரர் பூதக்கண்ணாடியால் ரொம்ப நேரம் பார்த்தார். புத்தகத்தின் ஓட்டையை ஸ்கேல் வைத்து அளந்தார். படத்தில் இருப்பதை அளந்தார். இரண்டுக்கும் வடிவம் ஒன்று, இடப் பக்கம் ஒடுங்கினதும் ஒன்று. கடைசியில் கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்தார். அசலைத் தொடுகிறபோதுதானே கையுறை வேண்டும்! பின்பக்க அட்டையைப் பிரிக்கலாம் என்று அவரே சொன்னார். ஈரத் துணி வைத்து மெல்ல உரித்தார்கள். நடுவில் ஒரு இடத்தில் தாள் சுரண்டி மெலிந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது, சுரண்டின இடத்தின் ஓரத்தில் ஊதா நிறம் பிறை போலத் தெரிந்தது. எங்கள் முத்திரையின் விளிம்பு.

எஸ்.ஐ. பேனாவை மூடினார். என்னைப் பார்த்து, “இது பூச்சி ஓட்டைன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?” என்றார்.

இன்றைக்கு என்று சொல்லியிருக்கலாம். தேவசி சார் நின்றுகொண்டிருந்தார். “மூணு வருஷமா” என்றேன்.

எழுதி வாங்கிக்கொண்டு, கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி, சாயங்காலம் தேவசி சாரை அனுப்பிவிட்டார்கள். முத்திரையைச் சுரண்டின வியாபாரியைத் தேடுவதாகச் சொன்னார்கள். வெளியே வந்ததும் தேவசி சார் வானத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம் எதிர்க் கடையில் எங்கள் இரண்டு பேருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தார். அன்றைக்குப் பஸ்ஸில் என் ஸ்டாப் வந்தபோது நான் “ஆளிறங்கானுண்டு” என்றேன். நன்றாகவே சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பஸ் ஏற்கெனவே நின்றிருந்தது. “இறங்கிக்கோ சேச்சி, நாங்க பிடிச்சு வெக்கல” என்றார் கண்டக்டர்.

மறுநாள் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். தேவசி சார் நான்கு மணிக்குக் காத்திருக்காமல் காலையிலேயே மாடிக்கு வந்தார். கையில் அந்தப் புத்தகம். என் முன்னால் திறந்து வைத்தார்.

“அன்னிக்கு நீ ஓட்டை இல்லாம வரைஞ்சே. நான் கிராம்பு வெச்சேன், இல்லே?”

“ஆமா சார்.”

“நீ ஏன் பறையல?”

“நீங்க கேக்கலயே சார்.”

அவர் தோள் குலுங்கச் சிரித்தார். டப்பாவைத் திறந்து ஒரு கிராம்பை எடுத்தார். என் மேஜையில் வைப்பார் என்று காத்திருந்தேன். அதைப் புத்தகத்தில், பூச்சி தின்ற இடத்தின் மேல் வைத்து, புத்தகத்தை மூடி நூலால் கட்டிவிட்டார். அது அவருக்கு அவரே வைத்துக்கொண்ட கிராம்பு. எட்டுப் பேருக்கும் கேட்கிற மாதிரி ஒன்று சொன்னார். இனி யார் படத்தில் கிராம்பு வைத்தாலும், வரைந்ததுதான் சரி என்று தோன்றினால் அந்தக் கிராம்பைக் கொண்டுவந்து அவர் மேஜையில் திருப்பி வைக்கலாம். ரஹீமா அந்த வாரமே நாலு கொண்டுபோனாள், மூன்று திரும்பி வந்தது. நான் வேலையை விட்டு நிற்கிறவரை இரண்டு தரம் கொண்டுபோயிருக்கிறேன். இரண்டும் திரும்பி வரவில்லை.

முட்டுக்கால் படத்தை இனி எப்படி வரைய என்று அவரிடமே கேட்டேன். நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். “ஓட்டை இருக்கட்டும்” என்றார். “ஸ்டாம்ப உரிச்செடுக்கலாம் இசக்கி. ஓட்டைய உரிச்செடுக்க ஒருத்தனாலயும் முடியாது.” அன்றிலிருந்து வாங்குகிறவர்களிடம் அது எங்கள் புத்தகத்துப் பூச்சி என்றே சொல்லி விற்றார். குண்டு என்று சொன்ன காலத்தைவிட இதற்குத்தான் ஜனங்கள் அதிகம் சிரித்தார்கள், அதிகம் வாங்கினார்கள்.

இவ்வளவையும் எழுதி முடித்ததும் எனக்கு நெஞ்சு லேசாக இருக்கிறது. ஷீஜா, ஓட்டையை வை. கம்ப்யூட்டர் படத்தில் இல்லாவிட்டாலும் வை. விளக்கிலிருந்து ஒரு சாண், அவரை விதை வடிவம், இடப் பக்கம் கொஞ்சம் ஒடுங்கட்டும். ஒன்றாம் பால் ஒரு தரம் போதும். நான் ஓரத்தில் விடுகிற மயிரிழை வெள்ளையை நீ விடாதே. அது குண்டுக்காக நான் சேர்த்தது. பூச்சி அப்படித் தின்னாது.